ஒகிட்சு பரிசும் ஒரு பழைய குசுவும்

சோயா சாஸ் பாட்டில் மூடியில், சாய்த்தால் சொட்டுகிற, நிமிர்த்தினால் ஒரு துளிகூட வழியாத துளையைப் போட்டுக் கோடீசுவரர் ஆனவர் எங்கள் ஸ்தாபகர். அந்தச் சொத்தையெல்லாம் கனசாவாவில் ஓர் அறக்கட்டளையாக்கி, உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் சரி, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் பெரிய காரியம் செய்தவர்களுக்கு ஆண்டுதோறும் ஒகிட்சு பரிசு கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். நோபல் கிடைக்காதவர்களுக்கு ஆறுதல், கிடைக்கப் போகிறவர்களுக்கு ஒத்திகை என்று பத்திரிகைக்காரர்கள் எங்களைப் பற்றி எழுதுவார்கள். இரண்டும் உண்மைதான்.

அங்கே விழாப் பிரிவு என் பொறுப்பு. பரிசு பெறுகிறவர்களுக்குப் போன் செய்வது, ஊருக்கு அழைத்து வருவது, மேடையில் சரியான நாற்காலியில் உட்கார வைப்பது, பத்திரமாகத் திருப்பி அனுப்புவது எல்லாம் நான். மேதைகளோடு பழகிப் பழகி எனக்கு ஒன்று தெரிந்துபோயிற்று. உலகத்தையே புரட்டிப் போட்டவர்களுக்குப் பெரும்பாலும் தங்கள் செருப்பு எது, பக்கத்து அறைக்காரர் செருப்பு எது என்று தெரியாது.

அந்த வருடம் தேர்வுக் குழு 'செயற்கை மூக்கு'க்குப் பரிசு என்று முடிவு செய்தது. கெட்டுப்போன மீன், கசியும் எரிவாயு, ஒருவருடைய மூச்சிலும் வயிற்றிலும் ஒளிந்திருக்கும் நோய் என்று எல்லாவற்றையும் மோப்பம் பிடித்துச் சொல்லும் கருவி அது. கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேர். பரிசும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். ஒருவர் ஹிபினோ கோஹெய், எழுபத்து நான்கு வயது, டோக்கியோவில் ஓய்வுபெற்ற பேராசிரியர். வெள்ளை முடியைப் பின்னுக்கு வாரிக்கொண்டு தொலைக்காட்சியில் அழகாகப் பேசுவார். இன்னொருவர் செரிசாவா முட்சுகோ, எழுபத்திரண்டு. ஹிமியில், மீன்பிடித் துறைமுகத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இருப்பவர். இந்த இருவரும் ஒருகாலத்தில் புருஷன் பெண்டாட்டியாக இருந்து, முப்பது வருடத்துக்கு முன்பே பிரிந்து, அதன்பின் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்ததில்லை என்பது தேர்வுக் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் ஆய்வுக் கட்டுரைகளைத்தான் படிப்பார்கள், ஊர்க்கதையைப் படிப்பதில்லை.

முதலில் ஹிபினோவுக்குப் போன் போட்டேன். பேராசிரியர்களை நாங்கள் 'சென்செய்' என்றுதான் கூப்பிடுவோம்.

"எனக்கா? அதுக்கெல்லாம் எனக்குத் தகுதி ஏது!" என்றவர் அதே மூச்சில், "டிவிக்காரங்க எல்லாரும் வருவாங்கல்ல?" என்றார்.

"வருவாங்க சென்செய். உங்களோட சேர்த்து செரிசாவா முட்சுகோ சென்செய்க்கும்…"

அந்தப் பக்கம் ஏதோ கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அந்தம்மா வர்றேன்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார். குரலில் தொலைக்காட்சி இல்லை.

"இனிமேதான் சொல்லணும்."

"சரி," என்றார். "அவங்க வரமாட்டாங்க." அது எதிர்பார்ப்பா, பிரார்த்தனையா என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது ஹிமி.

"வணக்கம். ஒகிட்சு பரிசு உங்களுக்குக் கிடைச்சிருக்குங்கிற சந்தோஷமான செய்தியை…"

"நான் எந்தச் சீட்டும் வாங்கலையே."

"சீட்டு இல்லம்மா, இது சர்வதேச…"

"அதானே பார்த்தேன். இப்ப பேங்க் நம்பர் கேட்ப. குடுக்கலேன்னா, உம் பேரன் போலீஸ் ஸ்டேஷன்ல அழுதுட்டிருக்கான்னுவ. எனக்குப் பேரன் கெடையாது, பிள்ளை கெடையாது, புருஷனும் கெடையாது. யாருக்குக் காதுகுத்தற? போனை வை."

மறுபடி போட்டேன். "குரலை மாத்திக்கக்கூடத் தெரியலையே உனக்கு, வேற தொழில் பாரு," என்று வைத்துவிட்டார். கடைசியில் துறைமுக அலுவலகத்துக்குப் போன் செய்து, அங்கிருந்த ஒருவர் போய்ச் சொல்லி, அந்த அம்மாளே திருப்பிக் கூப்பிட்டார்.

"நிஜந்தானா? சரி, வர்றேன். கூட யாரு?"

சொன்னேன்.

"அவனுக்குமா? அப்ப எனக்கு வேண்டாம். அவனே ரெண்டு மெடலையும் கழுத்துல மாட்டிக்கட்டும்."

ஒகிட்சு பரிசை இதுவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. எங்கள் தலைவர் ஒகிட்சு தொகியோ செய்தியைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் ஸ்தாபகரின் வீட்டோடு மாப்பிள்ளை. மாமனாரின் குடும்பப் பெயரையே தன் பெயராக எடுத்துக்கொண்டவர். பிறவி ஒகிட்சுக்களுக்கு இல்லாத கௌரவப் பித்து அவருக்கு உண்டு.

"இசோபே-சான், நேர்ல போங்க. கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வாங்க," என்றார்.

"யார் கால்ல, தலைவரே?"

"இப்ப ஜோக் அடிக்கிற நேரமா?"

நான் ஜோக் அடிக்கவில்லை. யாருக்காக யார் காலில் விழுவது என்பது நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது.

ஹிமிக்கு நான் போன அன்று கடலுக்கு மேல் இடித்துக்கொண்டிருந்தது. அந்த இடி கேட்டால்தான் புரி மீன் கரைப்பக்கம் வரும் என்பதால் துறைமுகத்தில் எல்லோர் முகத்திலும் கல்யாணக் களை. மீன் ஏலக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு தகரக்கூரைக் கட்டடத்தில், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றார் செரிசாவா முட்சுகோ. குட்டையான, கட்டுமஸ்தான உருவம். மேசைமேல் ஒரு ஆள் நீளப் புரி மீன். அதன் வாயருகே சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கருவி. அதுதான் உலகப் புகழ்பெற்ற மூக்கு.

"உக்காரு. அந்தப் பெட்டிமேல இல்ல, அதுல நண்டு இருக்கு," என்றார்.

நான் கொண்டுபோன இனிப்புப் பெட்டியை வாங்கி மீன் பக்கத்தில் வைத்தார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அவன் புத்தகம் படிச்சிருக்கியா? இந்த மூக்கு எப்படிப் பொறந்துச்சுன்னு எழுதியிருப்பானே?"

படித்திருந்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. இளைஞர் ஹிபினோ ஒரு பிப்ரவரி விடியலில் பனியில் நடந்து போகிறார். மரம் கண்ணில் படுமுன்பே பிளம் பூவின் வாசனை வருகிறது. 'காணுமுன் அறியும் கருவி ஒன்று வேண்டும்' என்று அந்த இடத்திலேயே தோன்றுகிறது.

"பிளம் பூ!" என்று செரிசாவா தொடையில் தட்டிக்கொண்டார். "பூவும் இல்ல, மண்ணும் இல்ல. குசு."

"என்னது?"

"குசுதாம்மா. நீ விட்டதே இல்லையா?"

அறக்கட்டளையின் பிரதிநிதியாக வந்திருந்த நான், அவர் ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்தேன்.

"கல்யாணமான புதுசு. நாகோயாவுல ஆறு பாய் விரிக்கிற அளவுல அறை ஒண்ணு. குளிருக்கு ஒரே ஒரு கொதாட்சு, அடியில சூடு வச்சு மேல போர்வை போட்ட குட்டை மேசை. ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து, அதோட போர்வைக்குள்ள காலை நீட்டிக்கிட்டு ராப்பகலா எழுதுவோம். அவன் சக்கரைவள்ளிக் கிழங்குன்னா உயிரை விடுவான். தின்னுட்டு அந்தப் போர்வைக்குள்ளயே விடுவான். விட்டாக்கூடப் பரவால்ல. 'நான் இல்ல, நீதான்'ம்பான். மூஞ்சியைக் கோயில் சிலை மாதிரி வச்சுக்குவான். அதான் எனக்குத் தாங்கல. நான் வேதியியல் படிச்சவ. இரு மகனே, நிரூபிச்சே காட்டறேன்னு உக்காந்தேன்."

நான் சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

"முதல்ல யாரு விட்டாங்கன்னு கண்டுபிடிக்கத்தான் செஞ்சேன். செஞ்சு பாத்தா, கைரேகை மாதிரி ஒவ்வொருத்தருக்கும் வேற வேற. அன்னிக்குத் தின்னது, தூங்கினது, கவலைப்பட்டது எல்லாம் அதுல தெரியுது. 'முட்சுகோ, இது வியாதியையும் காட்டும்'னு முதல்ல சொன்னது அவன்தான். அதையும் சொல்லியாகணும். அவன் அயோக்கியன், ஆனா முட்டாள் இல்ல. அலமாரி அளவு இருந்ததை நகத்தளவு சில்லுக்குள்ள அடைச்சதும் அவன்தான்."

"அப்புறம் ஏன்…?"

அவர் மீனின் செவுளை விரித்துப் பார்த்தபடி பேசினார். "ஒரு குளிர்காலம் அவன் கணக்கு மாறிப்போச்சு. கருவி விடாம ஒரே மாதிரி காட்டுது. உள்ளே ஏதோ வளருதுன்னு. டாக்டரைப் பாருன்னேன். 'என் குசுவுல கூடக் குத்தம் கண்டுபிடிக்கிறியா?'ன்னு கத்தினான். நானும் கத்தினேன். அமெரிக்காவுல கருத்தரங்குன்னு போனான். ரெண்டு மாசம். வந்ததும் பெட்டியைக் கட்டிட்டான். அவன் நல்லா கல்லு மாதிரிதான் இருந்தான், இன்னிக்கும் இருக்கான். அப்ப என் கருவிதானே தப்பு? நான் நம்பின ஒண்ணே ஒண்ணு அது. புருஷனும் போயாச்சு, கருவியும் பொய் சொல்லிடுச்சு. மனுசங்களை விட்டுட்டு மீனுக்கு வந்துட்டேன். மீன் செத்துப்போனா செத்துப்போச்சுன்னு ஒத்துக்கும்."

பத்து வருடம் கழித்து வேறு நாட்டுக்காரர்கள் அதே கருவியை எடுத்து, அது மனிதர்களிடமும் வேலை செய்யும் என்று நிரூபித்தார்கள். அதுவரை அவர் மீனைத் தவிர எதையும் முகர விடவில்லை.

"சரி, வர்றேன்," என்றார் திடீரென்று. "ஆனா மேடையில நிஜக் கதையைத்தான் சொல்லுவேன். ஒரு வார்த்தைகூட மாத்த மாட்டேன். சம்மதமா?"

"சம்மதம்," என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

கனசாவாவுக்குத் திரும்பித் தலைவரிடம் சொன்னபோது அவர் முதலில் மகிழ்ந்தார். பிறகு கதையைச் சொன்னேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

"ஆளுநர் வர்றார். தூதர்கள் வர்றாங்க. அவங்க மனைவிமாரெல்லாம் கிமோனோ கட்டிக்கிட்டு முதல் வரிசையில இருப்பாங்க. அங்க போய்… அந்த… அது…"

"குசு."

"இசோபே-சான்!"

அடுத்த வாரம் முழுக்க அறக்கட்டளையின் மேலதிகாரிகள் ஒன்றுகூடி அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதையான மாற்றுச் சொல் தேடினார்கள். 'உடலின் இயல்பான வெளிப்பாடு' என்றார் ஒருவர். அது கவிதையையும் குறிக்கும் என்று இன்னொருவர் மறுத்தார். 'அக வாயு' என்பது ஏகமனதாக முடிவானது. ஹிமிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"வாயுவா? சிலிண்டர்ல வர்றதா?" என்றார் செரிசாவா. "உங்க தலைவர் அகத்துல இருந்து என்ன வருதாம்?"

விழாவுக்கு இரண்டு நாள் முன்பே ஹிபினோ வந்து இறங்கினார். ஹோட்டலில் காபி குடிக்க என்னைக் கூப்பிட்டார். வெளியே தோட்டத்து பைன் மரங்களுக்கு, பனி பாரத்தில் கிளை ஒடியாமலிருக்கக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இசோபே-சான், முட்சுகோ அந்தப் பழைய கதையைச் சொல்லப்போறாளாமே?"

"ஆமா சென்செய்."

"முழுசாவா? அந்தக் கடைசிக் குளிர்காலம் வரைக்குமா?"

"அது எனக்குத் தெரியாது. எங்கிட்ட முழுசாத்தான் சொன்னாங்க."

அவர் காபியில் சர்க்கரை போட்டார். கலக்கினார். மறுபடி போட்டார். "கொதாட்சு, கிழங்கு, அதெல்லாம் சொல்லட்டும். சிரிச்சுட்டுப் போறாங்க. அந்தக் கடைசி விஷயம் மட்டும் வேணாம்னு நீங்க சொல்ல முடியுமா?"

"நான் சொன்னா இன்னும் சத்தமா சொல்லுவாங்க."

"அதுவும் சரிதான்," என்று லேசாகச் சிரித்தார். மனிதர் கௌரவத்துக்காகத் தவிக்கிறார் என்றே நினைத்தேன். பிளம் பூ வியாபாரம் படுத்துவிடுமே!

ஒத்திகையன்று இருவரும் சந்தித்தார்கள். அரங்கத்தின் இரண்டு கதவு வழியாக இரண்டு பேரும் வந்து, மேடையின் நடுவில் நின்றார்கள். முப்பது வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு இதுதான். ஆரம்பித்தவர் செரிசாவா:

"குண்டாயிட்டே."

"நீ மட்டும் என்ன, கொடி மாதிரியா இருக்கே?"

"முடிக்கு என்ன போடறே, வெள்ளிப் பூச்சா?"

"உன்மேல மீன் நாத்தம் அடிக்குது, முட்சுகோ."

"உழைப்போட வாசனை. உனக்குப் புதுசா இருக்கும்."

தலைவர் நடுவில் புகுந்து, யார் வலப்பக்கம் உட்காருவது என்பதைப் பற்றிப் பணிவாக ஆரம்பித்தார். செரிசாவா செயல்விளக்கத்துக்காக மூக்குக் கருவியை மேசைமேல் வைத்து முடுக்கியிருந்தார். தலைவர் எப்படி உட்கார வேண்டும் என்று காட்டுவதற்காக நாற்காலியில் அமர்ந்தார்.

பீப், என்றது மூக்கு.

மேடை ஆட்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"புது நாற்காலி," என்றார் தலைவர். "பாலிஷ் வாசனை."

செரிசாவா குனிந்து திரையைப் பார்த்தார். "பாலிஷ் முட்டைக்கோஸ் சாப்பிட்டிருக்கு," என்றார்.

ஹிபினோ சிரித்துவிட்டார். உடம்பு குலுங்க, மூக்கைப் பொத்திக்கொண்டு, தொலைக்காட்சியில் ஒருநாளும் சிரிக்காத மாதிரிச் சிரித்தார். செரிசாவா திரும்பி அவரைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகமும் இளகியது. உடனே கருவியை அணைத்துவிட்டு, "டீ எங்க குடுக்கறாங்க?" என்று என்னைக் கேட்டார்.

விழா நாள் வந்தது. ஆளுநர் வந்தார், தூதர்கள் வந்தார்கள், கிமோனோக்கள் முதல் வரிசையில் மலர்ந்தன. மெடல்களை மாட்டி முடித்ததும் ஏற்புரை. முதலில் செரிசாவா. துறைமுகத்துப் பெண்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த கருநீலக் கிமோனோவில் வந்து மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்தார்.

"பிளம் பூ கதையை எல்லாரும் படிச்சிருப்பீங்க. அது நல்ல கதை. இது நிஜக் கதை," என்று ஆரம்பித்து, கொதாட்சு, போர்வை, கிழங்கு என்று வரிசையாகப் போய், அந்தச் சொல்லைப் பளிச்சென்று சொன்னார்.

கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த மொழிபெயர்ப்பாளர் ஹயாமி-சான் திகைத்து நின்றுவிட்டார். பத்து வருடமாக குவாண்டம் இயற்பியலையே தடங்கலில்லாமல் மொழிபெயர்த்தவர் அவர். காதில் கருவி மாட்டியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பிக் கூண்டைப் பார்த்தார்கள். ஹயாமி-சான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார். முதல் வரிசையில் ஒரு தூதரின் மனைவி 'ஹ' என்று ஒரு சத்தம் போட்டு விசிறியால் வாயை மூடினார். அவர் கணவர் மூடவில்லை. அது அப்படியே பின்வரிசை வரை பரவியது. ஆளுநர் தலை குனிந்துகொண்டார். தோள் மட்டும் ஆடியது. தலைவர் மட்டும் சாவு வீட்டுக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

சிரிப்பு அடங்கும்வரை செரிசாவா காத்திருந்தார்.

"ஜெயிச்சதை மட்டும் சொன்னா அது விளம்பரம். தோத்ததையும் சொல்லணும். ஒரு குளிர்காலத்துல இந்தக் கருவி, இந்த மனுசனுக்கு வயித்துல புத்துநோய்னு காட்டுச்சு. பாருங்க, இதோ உக்காந்திருக்கார், ரெண்டு குதிரை பலத்தோட. கருவி பொய் சொல்லிடுச்சு. அதனால மனுசங்க மேல அதை வைக்கிறதை நான் நிறுத்திட்டேன். பத்து வருஷம் வீணாப்போச்சு. அதுக்கான பொறுப்பு எனக்குத்தான். மத்தவங்க அதைச் சரிபண்ணினாங்க, அவங்களுக்கு நன்றி."

தலை குனிந்து வணங்கிவிட்டு இறங்கப் போனார். அப்போது ஹிபினோ எழுந்தார். அவர் முறை இன்னும் வரவில்லை. நான் பக்கவாட்டுத் திரையிலிருந்து கையை ஆட்டினேன். பார்க்கவே இல்லை.

"அது பொய் சொல்லல," என்றார்.

மைக் எட்டவில்லை. செரிசாவா, "என்ன?" என்றார்.

ஹிபினோ கிட்டே வந்தார். "உன் கருவி பொய் சொல்லல, முட்சுகோ. நான் அமெரிக்கா போகல. ஓசாகாவுல ஆஸ்பத்திரியில இருந்தேன். அறுத்து எடுத்தாங்க. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னாங்க."

ஹயாமி-சான் தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். செரிசாவா மெடலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழப்போகிறார் என்றுதான் அங்கிருந்த அத்தனை பேரும் நினைத்தோம். கைக்குட்டைகள் வெளியே வந்தன.

"எந்த இடத்துல?" என்று கேட்டார் செரிசாவா.

"ஓசாகாவுலன்னு சொன்னேனே."

"ஊரைக் கேக்கலடா. குடல்ல எந்த இடத்துல? மேல்பக்கமா, கீழ்ப்பக்கமா?"

"கீழ்… இடதுபக்கம்."

"எவ்வளவு பெரிசு?"

"நெல்லிக்காய் அளவு."

"நெல்லிக்காய்லயும் சின்னது பெரிசு இருக்கு! சென்டிமீட்டர்ல சொல்லு! நீயெல்லாம் ஒரு விஞ்ஞானியா?" அவர் குரல் உடைந்தது. கோபத்திலா வேறெதிலா என்று தெரியவில்லை. "என் முதல் நோயாளி நீ. உலகத்திலேயே முதல் கேஸ். அதை முப்பது வருஷமா வயித்துக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டுப் பிளம் பூ கதை சொல்லிட்டுத் திரிஞ்சியா, பாவி!"

ஹிபினோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "என்னை அசிங்கப்படுத்தறதுக்குன்னே நீ ஒரு கருவி செஞ்சே. அது என் உசிரைக் காப்பாத்திடுச்சு. அதை உங்கிட்ட வந்து சொன்னா, சாகற வரைக்கும் ஒவ்வொரு வேளைச் சோத்துக்கும் உனக்கு நன்றி சொல்லிட்டே உக்காந்திருக்கணும்னு தோணுச்சு. அந்த வயசுல அது முடியல. அப்புறம் சொல்லலாம்னா, ஏன் இவ்வளவு நாள் சொல்லலன்னு கேப்பியேன்னு பயம். வருஷம் ஆக ஆகப் பயம்தான் பெரிசாச்சு. நீ மீனுக்குப் போயிட்டேன்னு கேள்விப்பட்டேன். அது என்னாலதான்னு தெரியாது. சத்தியமா தெரியாது. இப்ப நீ சொல்லித்தான் தெரியும்."

"நன்றி யாருடா கேட்டது? ரிப்போர்ட்டைக் குடுத்திருந்தா போதாதா?"

இதையும் ஹயாமி-சான் மொழிபெயர்த்தார். பின்வரிசையில் யாரோ கை தட்டத் தொடங்கி, தட்டலாமா கூடாதா என்று பாதியில் நிறுத்தினார்கள். செரிசாவா பேச்சு முடிந்தது என்பதுபோல மைக்கை ஹிபினோ பக்கம் தள்ளிவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஹிபினோ பாக்கெட்டிலிருந்து எழுதிவைத்த உரையை எடுத்தார், பார்த்தார், மடித்து வைத்தார். "நான் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு," என்று வணங்கினார். ஒகிட்சு பரிசு வரலாற்றிலேயே மிகக் குட்டியான ஏற்புரை அதுதான்.

இடைவேளையில் செரிசாவாவைக் காணவில்லை. ஒப்பனை அறையில், விளக்குப் போட்ட கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி வேணுமா?" என்றேன்.

"பத்து வருஷம், இசோபே-சான்," என்றார். "அந்தப் பத்து வருஷத்துல எத்தனை பேர் டாக்டர்கிட்ட நேரங்கழிச்சுப் போயிருப்பாங்க? அவன் வெக்கப்பட்டான், நான் வீம்பு பிடிச்சேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து மெடல் குடுத்திருக்கீங்க." மூக்கை உறிஞ்சினார். "உங்க தலைவர் என்னைக் கொல்லப்போறாரா?"

தலைவர் அப்போது ஆளுநரிடம் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தார். தலை தரையைத் தொடக் குனிந்து கேட்டாராம். ஆளுநர் அவர் தோளைத் தொட்டு, "போன வருஷம் நான் தூங்கிட்டேன், ஒகிட்சு-சான்," என்றாராம். அதோடு, அந்தச் சோதனை எங்கே செய்துகொள்ளலாம் என்றும் மெதுவாகக் கேட்டாராம். விருந்தில் செரிசாவாவைச் சுற்றி நல்ல கூட்டம். தங்கத்தகடு ஒட்டிய ஐஸ்கிரீமைக் கையில் வைத்துக்கொண்டு, தூதர்களும் தொழிலதிபர்களும் ஒவ்வொருவராக வந்து, குரலைத் தாழ்த்தித் தங்கள் வயிற்று விவகாரத்தைச் சொன்னார்கள். தலைவரும் கடைசியில் போனார். அவர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. முட்டைக்கோஸைக் குறைக்கச் சொன்னதாக மட்டும் பின்னால் கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலையில் இருவரையும் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். ஹிபினோவுக்கு டோக்கியோ புல்லட் ரயில். செரிசாவாவுக்கு தகஓகா வழியாக ஹிமிக்குப் போகும் சாதாரண வண்டி. இரண்டும் வேறு வேறு பிளாட்பாரம். ஆனால் கேள்வி முடியவில்லை.

"ஆபரேஷனுக்கு முன்னாடி எத்தனை நாளா கிழங்கு சாப்பிட்டே?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?"

"ஞாபகப்படுத்து. டாக்டர் பேரு? உசிரோட இருக்காரா? அந்தத் துண்டைப் பத்திரப்படுத்தியிருப்பாங்களா?"

"முட்சுகோ, எனக்கு வண்டிக்கு நேரமாச்சு."

"கட்டுரையில என் பேருதான் முதல்ல வரும், தெரிஞ்சுக்க."

"அது எப்படி? வயிறு என்னோடது!"

"வயிறெல்லாம் ஆசிரியரா? அப்ப புரி மீன் பேரையும் போடணும்."

பேசிக்கொண்டே செரிசாவா தன் வண்டிக்கு நடந்தார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஹிபினோவும் பதில் சொல்லியபடி பின்னாலேயே போனார், ஏறினார், எதிர் இருக்கையில் உட்கார்ந்தார். நான் ஜன்னலைத் தட்டி, "சென்செய், உங்க வண்டி மேல் பிளாட்பாரத்துல!" என்று கத்தினேன். அவர் கையை அசைத்து, சும்மா இரும்மா என்பதுபோலக் காட்டினார். கதவு மூடியது.

பிறகு அவர்கள் ஒன்றுசேர்ந்துவிட்டார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. ஹிபினோ டோக்கியோவில்தான் இருக்கிறார். மாதம் ஒருமுறை ஹிமிக்குப் போகிறார். தொடர் சோதனை, வேறொன்றுமில்லை என்கிறார் செரிசாவா. பழைய ஆஸ்பத்திரிப் பதிவுகள் கிடைத்தன. கட்டுரை அடுத்த வசந்தத்தில் வெளிவந்தது. ஆசிரியர் பெயர்களில் செரிசாவா முதலில், ஹிபினோ இரண்டாவது. உள்ளே, முதல் நோயாளியைப் பற்றிய குறிப்பில், 'ஆண், நாற்பத்து நான்கு வயது, படுபிடிவாதம்' என்று செரிசாவா எழுதியிருந்தாராம். கடைசிச் சொல் அறிவியலுக்குத் தேவையில்லை என்று பத்திரிகை ஆசிரியர் அடித்துவிட்டார். அதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி அவருக்கு எழுதியவர் ஹிபினோ.